றிமோட் வாங்க முதல் படலையைக் கொஞ்சம் யோசிப்பம்

வன்னியில் "கராஜ்" என்று சொன்னால் எவருக்கும் மோட்டார் சைக்கிள் திருத்துகிற இடம்தான் ஞாபகம் வரும். எண்ணெய் ஊறின மண், கழட்டிப் போட்ட ரயர், இருக்க ஒரு வாங்கு. வாகனம் விடுவதற்கென்று கதவு போட்ட தனி அறை எங்கட வீடுகளில் இருந்ததில்லை. சைக்கிள் விறாந்தையில் நிற்கும், லாண்ட்மாஸ்ரர் மாமரத்துக்குக் கீழே நிற்கும், கார் வைத்திருக்கிற வீட்டில் ஒரு தகரக் கொட்டில் இருக்கும். அதனால் வெளிநாட்டில் கராஜ் கதவைத் திறக்கிற மோட்டர் என்று விற்கப்படுகிற சாமான் எங்கட ஊருக்கு வந்தபோது கராஜுக்கு வரவில்லை. நேரே ஒழுங்கை வாசலுக்கு வந்து கேற்றில் ஏறிவிட்டது.

ஏ-9 வீதியால் முறிகண்டியிலிருந்து பரந்தன் வரைக்கும் பஸ் யன்னலோரம் இருந்து பார்த்தால் விசயம் விளங்கும். வேலி இருந்த இடத்தில் மதில், படலை இருந்த இடத்தில் இரும்புக் கேற். சில வாசல்களில் கேற்றுக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டியும் மேலே மஞ்சள் லைற்றும். உள்ளே இருக்கிற வீடு பெரும்பாலும் வெளிநாட்டுக் காசில் எழும்பினது. சில வீட்டில் ஆட்களே இல்லை. சில வீட்டில் வயதுபோன ஒரு ஆள் மட்டும்.

எங்கட வட்டத்தில் மூன்று பேருக்காவது வட்ஸ்அப்பில் இந்தக் கேள்வி வந்திருக்கு: "தம்பி, ஊர் வீட்டுக் கேற்றுக்கு றிமோட் போடப்போறம். எது நல்லது எண்டு ஒருக்காப் பார்த்துச் சொல்லு." கலைப்பீடத்துப் பிள்ளையளிட்ட மோட்டர் பற்றிக் கேட்கிறதே ஒரு பகிடிதான். ஆனாலும் கேட்டுவிட்டார்களே என்று தேடிப் பார்த்தோம், ஒட்டு வேலை செய்கிற அண்ணாமாரோடு கதைத்தோம், பூட்டின வீடுகளுக்குப் போனோம். போனபிறகுதான் தெரிந்தது, இது மோட்டர் பற்றின கேள்வி மட்டும் இல்லை என்று.

எங்களில் ஒருத்தியின் அம்மம்மா விசுவமடுப் பக்கம் தனிய இருக்கிறா. பிள்ளைகள் எல்லாரும் வெளியில. இரண்டு வருசத்துக்கு முன்னம் லீவில் வந்த மாமா, "அம்மா இனிக் கேற் இழுத்துக் கஷ்டப்படக் கூடாது" என்று மோட்டர் பூட்டிவிட்டுப் போனார். நல்ல மனதோடு செய்த வேலை. அம்மம்மாவும் றிமோட்டைக் கழுத்தில் மாலை மாதிரிக் கொழுவிக்கொண்டு திரிந்தா.

2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை. பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்ததால் நாடு முழுக்கக் கறண்ட் போன நாள். குரங்கை வைத்து நாங்களும் மீம்ஸ் போட்டுச் சிரித்துக்கொண்டிருந்தோம். அந்த மத்தியானம்தான் அம்மம்மாவுக்குத் தலைச்சுற்று வந்தது. பக்கத்து வீட்டு அன்ரி சத்தம் கேட்டு ஓட்டோ கூப்பிட்டு வந்து வாசலில் நிற்கிறா. கேற் திறக்கேல்லை. கறண்ட் இல்லாத நேரம் மோட்டரை விடுவித்துக் கையால் தள்ளுவதற்கு என்று ஒரு திறப்பு இருக்கு. அது எங்கே என்று அம்மம்மாவுக்குத் தெரியாது. அப்படி ஒன்று இருக்கிறதே தெரியாது. ஓட்டோக்கார அண்ணா மதிலேறிக் குதித்து இழுத்துப் பார்த்தார். பல்லுச் சில்லுப் பிடித்த கேற் அசையவில்லை. கடைசியில் பின்வளவு வேலியில் இரண்டு கதியாலைப் பிடுங்கி, அந்த வழியால்தான் அவவை வெளியில கொண்டுவந்தார்கள். நல்லகாலம், பிரஷர் கூடினதுதான். பின்னேரமே வீட்டுக்கு வந்துவிட்டா.

அந்தத் திறப்பு எங்கே இருந்தது என்று பிறகு தெரியவந்தது. டொரொண்டோவில், மாமாவின் மேசை லாச்சிக்குள். பத்திரமாக இருக்கட்டும் என்று கொண்டுபோயிருந்தார்.

மாமாவைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. ஆனால் எங்கட கருத்து முழுக்க அந்தத் திறப்புக்குள்தான் இருக்கு. வன்னியில் இந்தச் சாமானுக்குக் காசு கொடுக்கிறவர் ஒருவர், பூட்டுகிறவர் இன்னொருவர், அதோடு வாழ்கிறவர் வேறொருவர். எது நல்ல மோட்டர் என்ற கேள்விக்கு மூன்றாவது ஆளிடம் கேட்காமல் பதில் சொல்ல முடியாது. நாங்கள் பார்த்த வீடுகளில் அவரிடம் ஒருவரும் கேட்கவில்லை.

படலை என்பது எதற்காக இருந்தது என்று கொஞ்சம் யோசிப்போம். வன்னியில் அதன் முதல் வேலை கள்ளனைத் தடுப்பது இல்லை, மாட்டைத் தடுப்பது. கட்டாக்காலி மாடு வளவுக்குள் வந்தால் கத்தரிக் கன்றும் வாழைக்குட்டியும் போச்சு. அதுக்கு ஒரு தடியும் ஒரு கயிற்று வளையமும் போதும். மனிசர் கையை உள்ளே விட்டு வளையத்தைத் தூக்கலாம், மாட்டால் முடியாது. திறக்கிற சத்தத்தை வைத்தே ஆர் வருகினம் என்று குசினிக்குள் இருந்து சொல்லிவிடுவார்கள். பழைய வீடுகளில் சங்கடப் படலை என்று கூரை போட்ட வாசல் இருந்தது. வழிப்போக்கர் வெயிலுக்கும் மழைக்கும் அதில் ஒதுங்கலாம், திண்ணை இருந்தால் இருந்து களைப்பாறலாம்.

இதைச் சொல்லிவிட்டு "அந்தக் காலம் பொற்காலம்" என்று பெருமூச்சு விட எங்களுக்கு மனம் வரேல்லை. ஏனென்றால் அதே படலையில்தான் சிலரை மறித்து வைத்தார்கள். எந்தச் சாதிக்காரர் படலையோடு நிற்க வேண்டும், எவர் முற்றம் வரை வரலாம், எவருக்கு விறாந்தை என்று எழுதாத சட்டம் இருந்தது. 1958, 1977, 1983 வன்செயல்களுக்குப் பிறகு மலையகத்திலிருந்து வந்து வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் குடியேறிய குடும்பங்களைக் கேட்டால் அந்தச் சட்டம் பற்றிச் சொல்லுவார்கள். வயலில் நாள் முழுக்க வேலை செய்தவருக்குக் கூலி படலைக்கு வெளியேதான் கிடைத்தது. படலை எல்லாருக்கும் திறந்திருந்தது என்று எங்கட கட்டுரைகளில் எழுதுகிறோமே, அந்த "எல்லாரும்" ஆர் என்று நாங்கள் கேட்கத்தான் வேணும்.

பிறகு யுத்தம். 2008இல் மன்னார்ப் பக்கத்திலிருந்து முல்லைத்தீவு நோக்கி இடம்பெயர்ந்த சனம் உழவு இயந்திரப் பெட்டிகளில் கூரை ஓட்டையும் யன்னல் கதவையும் நிலையையும் கழட்டி ஏற்றிக்கொண்டு போனது. போகிற இடத்தில் வீடு இருக்காது, ஆனால் கதவாவது இருக்கட்டும் என்ற நம்பிக்கை. அந்தக் கதவுகளையும் கடைசியில் வழிவழியே விட்டார்கள். மெனிக் பாமில் முள்ளுக்கம்பி வேலிக்குள் இருந்தவர்களுக்குப் படலை இருந்தது. ஆனால் அதைத் திறக்கிறது அவர்கள் கையில் இல்லை. ஊருக்குத் திரும்பி வந்தபோது சுவர் மட்டும் நின்ற வீடுகள்தான் கன பேருக்குக் கிடைத்தது. தறப்பாள் கொட்டிலுக்குக் கதவு என்று ஒன்று கிடையாது, சீலைதான். 2011 ஆகஸ்ட் மாதம் கிறீஸ் பூதம் என்ற பயம் நாடு முழுக்கப் பரவினபோது, தனிய இருந்த பெண்கள் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு நாலைந்து குடும்பமாக ஒரே கொட்டிலில் படுத்த கதையை எங்கட அம்மாமார் இப்பவும் சொல்லுவினம். 2012 ஒக்ரோபரில் தொடங்கிய இந்திய வீட்டுத்திட்டத்தில் ஒரு புது வீட்டுக்கு ஐந்தரை இலட்சம் ரூபாய் கொடுத்தார்கள். அந்தக் காசில் சுவரும் கூரையும் கதவும் முடித்தாலே பெரிய காரியம்; கேற்றுக்கு எங்கே போவது?

ஆகவே ஒரு வீட்டில் உறுதியான கேற் வேணும், உள்ளே இருந்து பூட்ட வேணும், ஆள் ஆர் என்று பார்த்துத் திறக்க வேணும் என்று ஒரு பெண் சொன்னால் அதைப் பகட்டு என்று நாங்கள் சொல்ல மாட்டோம். கணவனை இழந்து, அல்லது கணவன் எங்கே என்று தெரியாமல், பிள்ளைகளோடு தனிய இருக்கிற பெண்கள் இந்த மண்ணில் அதிகம். அவர்களுக்கு மழை இருட்டில் ஸ்கூட்டியை நிறுத்தி இறங்காமல் உள்ளே போக முடிவது சின்ன விசயம் இல்லை. முழங்கால் தேய்ந்த அம்மாவுக்கும், ஊன்றுகோலோடு நடக்கிறவருக்கும், யுத்தத்தில் கை இழந்தவருக்கும் பாரக் கேற்றை இழுக்காமல் இருப்பது பெரிய உதவி. றிமோட்டே வேண்டாம் என்பது எங்கட கருத்து இல்லை. வாழ்கிற ஆளுக்குப் பொருந்தினதாக வாங்குவோம் என்பதுதான் கருத்து.

சரி, அப்படியென்றால் என்னத்தைப் பார்க்கிறது? நாங்கள் கேட்டும் பார்த்தும் அறிந்ததைச் சொல்லுறம்.

முதலில் மோட்டரை மறந்துவிட்டுக் கேற்றைப் பாருங்கோ. ஒரு கையால் தள்ளினால் கேற் போகுதா? போகாவிட்டால் மோட்டர் போட்டும் பயன் இல்லை. இறுகின கேற்றை இழுத்து இழுத்து மோட்டர்தான் எரியும். எங்கட ஆட்கள் கேற் என்றால் தடித்த தகடு அடித்து, மேலே அன்னமும் தாமரையும் வைத்து, பாரத்தைக் கூட்டுவார்கள். மோட்டரில் எத்தனை கிலோ வரை இழுக்கும் என்று எழுதியிருக்கும். கேற்றின் பாரத்துக்குச் சரியாக வாங்காமல் ஒரு படி கூடினதாக வாங்குவது நல்லது.

இரண்டாவது, எந்த வகைக் கேற். பக்கவாட்டில் உருண்டு போகிறது ஒன்று, இரண்டு பக்கமும் மடிந்து திறக்கிறது மற்றது. உருளுகிற கேற்றுக்கு மதிலோரம் நீளமாக இடம் வேணும், கீழே தண்டவாளம் மாதிரி ஒரு இரும்பு ஓடும். கிரவல் ஒழுங்கையில் மாரி மழைக்கு மண்ணும் கல்லும் அதற்குள் வந்து அடைக்கும். கிழமைக்கு ஒருக்காக் கூட்டுவதற்கு ஆள் இருக்கா என்று யோசியுங்கோ. மடிந்து திறக்கிறதுக்கு முற்றத்தில் இடம் வேணும், தரை மட்டமாக இருக்க வேணும், தூண் பலமாக இருக்க வேணும்.

மூன்றாவது, கறண்ட். 2022இல் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை கறண்ட் வெட்டின நாட்டில் இருந்துகொண்டு 230 வோல்ற்றை மட்டும் நம்பி வாசலைக் கொடுக்கலாமா? பற்றரியோடு வேலை செய்கிற 24 வோல்ற் மோட்டர்கள் இருக்கு. கறண்ட் நின்றாலும் குறிப்பிட்ட தடவை திறந்து மூடும். சோலர் தகடு இணைக்கிற வகையும் இருக்கு, வன்னி வெயிலுக்கு அது பொருத்தம். சித்திரை, ஐப்பசி இடிமுழக்கத்துக்கு உள்ளே இருக்கிற மின்பலகை எரியக்கூடும். நில இணைப்பு சரியாகப் போடவேணும். பெட்டியின் துவாரங்களை அடைக்காவிட்டால் எறும்பும் பல்லியும் குடியேறிவிடும். இது பகிடி இல்லை, திருத்துகிற அண்ணாமார் சொல்லுகிற முதல் பிரச்சினையே இதுதான்.

நான்காவது, பிள்ளைகள். அமெரிக்காவில் 1926இலேயே கராஜ் கதவுக்கு மின்சார மோட்டர் கண்டுபிடித்துவிட்டார்கள். ஆனால் கதவுக்குக் கீழே நசிந்து எத்தனையோ சிறுபிள்ளைகள் இறந்தபிறகுதான், 1990இல் கொண்டுவந்த சட்டத்தின்படி, 1993 ஜனவரி முதல் செய்யப்படுகிற வீட்டு மோட்டர்களில் ஆள் குறுக்கே வந்தால் கதவு திரும்பிப்போகிற பாதுகாப்பு கட்டாயமானது. கேற் வாசலில் இரு பக்கமும் வைக்கிற அந்தச் சின்னக் கண் மாதிரியான சாமான், ஒளிக்கதிர் மறிபட்டால் மோட்டரை நிறுத்தும். எங்கட ஊரில் காசைக் குறைப்பதற்காக முதலில் விடுகிறது அதைத்தான். அதைவிட மோசம், உருளுகிற கேற்றுக்கு அந்தத்தில் தடுப்புக்கட்டையும் மேலே தாங்குகிற சில்லும் போடாமல் விடுவது. கேற் தண்டவாளத்தை விட்டுக் கழன்று சரிந்து பிள்ளை இறந்த செய்தியைப் பத்திரிகையில் எத்தனை தரம் வாசித்துவிட்டோம்! அந்தக் கட்டைக்கு ஆகிற செலவு கேற்றில் வைக்கிற அன்னத்தின் செலவைவிடக் குறைவு.

ஐந்தாவது, கள்ளன். பயத்துக்காகப் போடுகிற சாமான் பயத்தைத் தீர்க்குதா என்று பார்க்க வேணும். மலிவான றிமோட்டில் குறியீடு மாறாது. ஒவ்வொரு தரமும் ஒரே சமிக்ஞைதான் போகும். பன்னிரண்டு சின்னச் சுவிட்சுகளால் அமைக்கிற குறியீடு என்றால் மொத்தமே 4,096 சேர்க்கைகள்தான். 2015இல் சாமி கம்கார் என்ற அமெரிக்கப் பாதுகாப்பு ஆய்வாளர் பிள்ளைகளின் பழைய விளையாட்டுக் கருவி ஒன்றை மாற்றியமைத்து, இப்படியான கராஜ் கதவுகளைப் பத்து விநாடிக்குள் திறக்கலாம் என்று காட்டினார். ஒவ்வொரு அழுத்தலுக்கும் குறியீடு மாறுகிற வகை இருக்கு. கடையில் அதைக் கேட்டு வாங்குங்கோ. இல்லாவிட்டால் பழைய கொண்டிப் பூட்டு இதைவிட நம்பிக்கையானது.

ஆறாவதும் கடைசியும், அந்தத் திறப்பு. கலிபோர்னியாவில் 2017 காட்டுத்தீயின்போது கறண்ட் நின்று, கராஜ் கதவைத் திறக்கத் தெரியாமலும் முடியாமலும் சிலர் உள்ளேயே இறந்தார்கள். அதற்குப் பிறகு, 2019 ஜூலை முதல் அங்கே விற்கிற கராஜ் மோட்டருக்குப் பற்றரி கட்டாயம் என்று சட்டம் வந்தது. எங்கட ஊரில் அப்படிச் சட்டம் வரும்வரைக்கும் பார்த்துக்கொண்டிருக்கத் தேவையில்லை. கையால் திறக்கிற திறப்பை மூன்றாக வெட்டுங்கோ. ஒன்று வீட்டுக்காரரிடம், ஒன்று பக்கத்து வீட்டில், ஒன்று வாசல் தாண்டி ஓரிடத்தில். பூட்டின அன்றைக்கே மெயின் சுவிட்சை நிறுத்திவிட்டு, வீட்டில் இருக்கிற அம்மாவையே திறந்து காட்டச் சொல்லுங்கோ. அவவால் முடியாவிட்டால் அந்த வேலை முடியவில்லை என்று அர்த்தம். அதுவரைக்கும் மிச்சக் காசைக் கொடுக்காதையுங்கோ.

பக்கத்து வீட்டில் திறப்புக் கொடுக்கிறதா என்று சிலர் முகம் சுளிப்பார்கள். இங்கேதான் நாங்கள் கொஞ்சம் அழுத்திச் சொல்ல விரும்புகிறோம். அந்த ஞாயிற்றுக்கிழமை அம்மம்மாவுக்கு உதவினது டொரொண்டோவில் இருந்து பார்க்கிற கமரா இல்லை, சத்தம் கேட்டு வந்த அன்ரி. மதிலை உயர்த்தி, கேற்றை மூடி, கமராவைப் பூட்டி, பிறகு வீடியோ கோலில் "சாப்பிட்டீங்களா அம்மா" என்று கேட்கிற பாதுகாப்பில் ஒரு ஓட்டை இருக்கு. சனம் வராத வாசல் பாதுகாப்பான வாசல் இல்லை. கோயிலுக்குக் காசு சேர்க்க வருகிற பெடியள், பால் கொண்டுவருகிற அக்கா, கிழமைக்கு ஒருக்கா மீன் கொண்டுவருகிறவர், இவர்கள்தான் தனிய இருக்கிற ஒரு முதியவர் உயிரோடு சுகமாக இருக்கிறா என்று ஊருக்குச் சொல்லுகிறவர்கள். அவர்கள் கூப்பிட்டால் கேட்கிற மாதிரி வாசல் இருக்க வேணும்.

கேற் ஆர் கையில் இருக்கு என்ற கேள்வி எங்கட மண்ணில் வீட்டோடு முடிகிறதும் இல்லை. 2017 ஜனவரி 31 அன்று கேப்பாப்பிலவு பிலக்குடியிருப்பு மக்கள் தங்கட காணியைக் கேட்டு விமானப்படை முகாம் வாசலில் போய் இருந்தார்கள். பனியிலும் வெயிலிலும் சின்னப் பிள்ளைகளோடு ஒரு மாதம். மார்ச் 1 அன்று உள்ளே போனார்கள். தன் காணிக்கு வேறொருவர் போட்ட கேற்றுக்கு முன்னால் இருப்பது எப்படி என்று அந்தச் சனத்துக்குத் தெரியும். அந்த அனுபவத்துக்குப் பிறகு, எங்கட வீட்டுக்கு நாங்களே போடுகிற கேற்றைக் கொஞ்சம் யோசித்துப் போடலாம்தானே? திறக்கிற உரிமை உள்ளே வாழ்கிற ஆளிடம் இருக்க வேணும். வெளியே நிற்கிறவரை, அவர் கூலிக்கு வந்தவராக இருந்தாலும், வெயிலில் நிறுத்தி வைக்காமல் இருக்க வேணும். பழைய படலையிடமிருந்து எடுக்க வேண்டியதை எடுத்து, விட வேண்டியதை விடுகிறது இப்படித்தான் என்று நினைக்கிறோம்.

எங்கட யோசனை ஒன்று இருக்கு. அதற்குப் பெரிய செலவு இல்லை. பெரிய கேற்றுக்கு மோட்டர் போடுகிறவர்கள் பக்கத்தில் ஆள் போய்வரச் சின்னக் கேற் ஒன்றும் வையுங்கோ. மோட்டர் வேண்டாம், றிமோட் வேண்டாம். உள்ளே இருந்து பூட்டக் கொளுக்கி, வெளியே இருந்து கூப்பிட மணி, மேலே இரண்டு தகரத்தில் ஒரு தாழ்வாரம், கீழே இருக்க ஒரு சீமெந்துக் கட்டு. வாகனத்துக்குப் பெரியது, மனிசருக்குச் சின்னது.

விசுவமடுவில் இப்போது அப்படித்தான் இருக்கு. மாமா காசு அனுப்பினார், திறப்பையும் ஆளிடம் கொடுத்து அனுப்பினார். பெரிய கேற் மாமா லீவில் வந்து கார் எடுக்கிற நாட்களில் மட்டும் திறக்கும். மற்ற நாட்களில் பின்னேரம் அம்மம்மாவும் அன்ரியும் சின்னக் கேற் கட்டில் இருந்து கதைத்துக்கொண்டிருப்பினம். றிமோட் இப்பவும் கழுத்தில்தான் தொங்குது. கழட்டி வைத்தால் மாமா கவலைப்படுவார் என்று சொல்லுறா.